ஏழு கட்டை ஆர்வில்

சின்ன வயதில் டெல்சிக்குப் பாட்டு என்றால் கழுவ வேண்டிய தட்டுகள்தான். சனிக்கிழமையானால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் புளூகிராஸ் என்ற மலைநாட்டு இசை வாசிப்பவர்கள் சேற்று பூட்ஸோடு வந்து சமையலறையை அடைத்துக்கொள்வார்கள். அம்மா பெரிய பானையில் பயறு வேகவைத்து, சோள ரொட்டி சுட்டுப் போடுவாள். கிட்டாரும் பாஞ்சோவும் சுற்றி நிற்க, நடுவில் மேண்டலினோடு பாடுவது டெல்சியின் அண்ணன் ஆர்வில். ஏழு கட்டைக் குரல். வெளியே படுத்திருக்கும் நாய்கள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

பிறகு நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம். தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. எழுபத்து நான்கு வயதில் ஆர்வில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தார். ஊரார் வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற டெல்சிக்கு, ஓய்வு காலத்து வேலையாக அண்ணன் வந்து சேர்ந்தார்.

மே மாதம் மலை மேலுள்ள குடும்பக் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் ஞாயிறு வரும். மனைவி ஜெல்லாவின் கல்லறையில் ஆர்வில் வருடாவருடம் பாடுவார். போன வருடம் போகவில்லை.

"இந்த வருஷமும் போகலன்னா ஜெல்லாவே எழுந்து வந்து கேப்பா."

"கேக்கட்டும். அவளுக்குப் பிடிச்சது ஏழு கட்டை. அது இனிமே வராது."

"ஆறுல பாடு."

"ஆறுல பாடத் தம்பி ஹெர்ஷலே போதும். நான் எதுக்கு?"

டெல்சி எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறாள்: வெளியே போவதை நிறுத்துகிறவர்கள் அடுத்தது குளிப்பதை நிறுத்துவார்கள், அதற்கடுத்தது சாப்பிடுவதை. ஆர்வில் இப்போதே பாதித் தட்டை ஒதுக்க ஆரம்பித்திருந்தார்.

கிட்டார் வாசிக்கும் தம்பி ஹெர்ஷலைக் கூப்பிட்டாள்.

"சுருதியை ஒரு கட்டை இறக்கு. அவருக்குத் தெரியக் கூடாது."

"சுருதி ஏத்த கிட்டார் கழுத்துல மாட்டற கவ்வி எந்த மெட்டுல இருக்குன்னு முதல்ல அதைத்தான்க்கா பார்ப்பாரு."

"கவ்வி நாலாம் மெட்டுலயே இருக்கட்டும். கம்பியைத் தளர்த்து. பாஞ்சோக்காரன்கிட்டயும் சொல்லிடு."

"நர்ஸ் வேலைல இதெல்லாமா சொல்லிக்கொடுத்தாங்க?"

"மாத்திரையை ஜாம்ல ஒளிச்சுக் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தாங்க. இதுவும் அதான்."

ஆர்விலிடம், ஒரே ஒரு சரணம் பாடினால் போதும், மூச்சு முட்டினால் உடனே இறக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். மூன்று நாள் கேட்டுக்கேட்டு வாங்கிய சம்மதம்.

"ஏழுலதான் பாடுவேன். குரல் உடைஞ்சா உன் நர்ஸ் மூஞ்சியை எங்கிட்ட காட்டாதே."

ஞாயிறு காலை ஜீப்பில் ஏற்றி, சிலிண்டரை மடியில் வைத்து மேலே கொண்டுபோனார்கள். ஜெல்லாவின் கல்லுக்கு எதிரே நாற்காலி போட்டாயிற்று. அங்கே எப்போதும் ஆர்வில் மேண்டலினுக்குத்தான் மற்றவர்கள் சுருதி சேர்ப்பார்கள்.

"வீட்லயே சேத்துட்டோம்ணே," என்றான் ஹெர்ஷல், கண்ணைப் பார்க்காமல்.

ஆர்வில் கவ்விகளைப் பார்த்தார். நாலாம் மெட்டு. தலையசைத்துவிட்டு மேண்டலினை மீட்ட, மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம். பாஞ்சோக்காரன் கையை எடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தான். கிட்டாரில் ஆறு, பாஞ்சோவில் ஐந்து என்று பதினோரு கம்பிகளை யோசித்த டெல்சி, அண்ணன் கையில் ஏழிலேயே நின்ற மேண்டலினின் எட்டை மறந்துவிட்டாள். அந்த வீட்டில் வளர்ந்தவள் மறக்கக் கூடாதது.

"யார் வேலை?"

"என் வேலை," என்றாள் டெல்சி. "திட்டறதுன்னா திட்டிட்டு ஜீப்புல ஏறு."

ஆர்வில் ஜெல்லாவின் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். டெல்சி அவர் மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு இருபத்தெட்டு. பிறகு அவர் மேண்டலினின் முதல் முறுக்காணியைப் பிடித்துத் தளர்த்தினார். அடுத்தது. ஐந்தாவதில் நிறுத்தி இளைப்பாறினார். எட்டும் முடிந்ததும் மீட்டிப் பார்த்தார். சேர்ந்தது.

"நான் பாடறது வேலில மாட்டின பன்னி மாதிரி இருக்குன்னுதான் ஜெல்லா சொல்லுவா. ஏழு கட்டை பிடிக்கும்னு நானாத்தான் சொல்லிக்கிட்டேன்." மூச்சு வாங்கினார். "நான் கீழ பாடறேன். மேல் குரல் நீ எடு."

"எனக்கு வராது."

"எல்லாப் பாட்டையும் தட்டு கழுவிக்கிட்டே கேட்டவதானே. என் சுருதியை இறக்கினது நீ. மேல இருக்கறதை நீயே தூக்கு."

டெல்சி பாடினாள். நன்றாக இல்லை. கண் முழுக்க அவர் மார்பில் இருந்ததால், அவர் மூச்சு விட்ட இடத்தில் இவளும் விட்டாள். வரிகள் துண்டுதுண்டாக, ஆனால் சேர்ந்தே முடிந்தன. ஒரு சரணம் என்று ஒத்துக்கொண்டவர் இரண்டு பாடினார். மூன்றாவதற்கு வாசிக்க மட்டும் செய்தார். சிலிண்டரில் இன்னும் பாதி இருந்தது.

கீழே சாப்பாட்டு மேசையில் பயறை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நீட்டினார்.

"அடுத்த வருஷம் அஞ்சுல வெச்சுக்கலாம். நீயும் அதுக்குள்ள கொஞ்சம் பாடப் பழகு. பன்னி தேவலன்னு ஜெல்லா நினைச்சிருப்பா."

டெல்சி தட்டைப் பார்த்தாள். ஒரு பயறுகூட மிச்சமில்லை. இன்னொரு கரண்டி போட்டாள்.