திகதி மறக்கும் லெப்டொப்

ரிப்பெயர் கடையில் முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது மெசின் இல்லை, மனிதர்தான். ஸ்குரூ டிரைவர் பிடித்துப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறக்காத பிள்ளைகளின் மார்க்ஸ்

தெஹியோவிட்ட பஸாரில் இருக்கும் என் கடைக்கு, தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் சாந்தி டீச்சர் ஒரு லெப்டொப்பைக் கொண்டுவந்தார். ஸ்கூலுடையது. தினமும் த்ரீவீலில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவார். பெரிய பெட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்டில் மட்டும் ஓடும். காலையில் போட்டால் பயோஸ் செட்டிங்ஸ் எல்லாம் அழிந்து, திகதி 2009க்குப் போய்விடுமாம். அதைக் கவனிக்காமல் தவணைப் பரீட்சை மார்க்ஸை அடித்து வைத்திருக்கிறார். ஃபைலில் 2009 என்று விழுந்திருப்பதைப் பார்த்த பிரின்சிபலுக்கு, டீச்சர் மார்க்ஸில் கைவைத்துவிட்டார் என்று சந்தேகம்; விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார். டீச்சர் என்னிடம் சொன்னார்: "'பிள்ளைங்க பொறக்கறதுக்கு முந்தியே சோதனை வச்சீங்களா?'ன்னு எல்லார் முன்னுக்கும் கேட்டுட்டாருங்க."

புதுப் பெட்டரி

செட்டிங்ஸை நினைவில் வைத்திருப்பது உள்ளே இருக்கும், காசு மாதிரி வட்டமான பொட்டு பெட்டரி. புதிது போட்டு, கரண்டைக் கழற்றி ஒரு நாள் முழுக்க மேசையில் வைத்துப் பார்த்தேன். நிமிடம் பிசகவில்லை. கொண்டுபோன மறுநாளே, மறுபடியும் 2009 என்று டீச்சர் திரும்பி வந்துவிட்டார். மீட்டர் வைத்துப் பார்த்தால் பெட்டரி நன்றாகத்தான் இருந்தது. ஸ்கூலில் யாரோ திறந்து நோண்டுகிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர் நினைத்தது வேறு. என் டிராயரையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "கோவிச்சுக்காதீங்க அண்ணே, பழைய பெட்டரியவே தொடச்சிப் போட்டுட்டீங்களோ?"

கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கர்

அவர் கண்ணெதிரே இன்னொரு பெட்டரி போட்டு, அடிமூடி ஸ்குரூக்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்தும் போட்டேன். மூன்றாம் நாள் லெப்டொப் வந்தது. ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்தது, திகதி மட்டும் 2009. அப்போது எனக்கு டீச்சர் மேலேயே சந்தேகம் வந்தது. மார்க்ஸ் விவகாரத்தில் தப்பிக்க அவரே செட்டிங்ஸை மாற்றுகிறாரோ? சுற்றி வளைத்துக் கேட்டேன். லெப்டொப்பை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். "பிரின்சிபல் சேரும் நம்பல, நீங்களும் நம்பல. நீங்களே கொண்டுபோய் ஸ்கூல்ல குடுங்க, நான் தொடவே மாட்டேன்."

தொட்டது நான் மட்டும்

செட்டிங்ஸைச் சரிசெய்து, மோட்டார்சைக்கிளில் கட்டி, ரப்பர் தோட்டத்து மலைப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனேன். பிரின்சிபல் முன்னால், டீச்சரையும் வைத்துக்கொண்டு போட்டுக் காட்டினால், 2009! இந்தத் தடவை தொட்டது நான் ஒருவன்தான். வெட்கத்தோடு அங்கேயே மூடியைக் கழற்றினேன். பெட்டரியைப் பிடிக்கும் தகடு தளர்ந்து கிடந்தது. மேசையில் சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது. விரலால் தட்டினால் பெட்டரி விலகுகிறது, நினைவு போகிறது. தகட்டை வளைத்து இறுக்கிவிட்டு, பிரின்சிபலையே தட்டிப் பார்க்கச் சொன்னேன். தட்டினார், உலுக்கினார். திகதி அசையவில்லை. டீச்சரிடம் கேட்டு வாங்கியிருந்த விளக்கக் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். டீச்சர் நகரவில்லை. "கிழிச்சது போதாதுங்க சேர். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து சொல்லுங்க."

டீச்சரைப் பிரின்சிபலும், என்னை டீச்சரும், டீச்சரை நானும் சந்தேகித்துத் தீர்த்த அந்த நாட்களில், ஒருவர் வாயிலும் விழாமல் தப்பித்துக்கொண்டது குண்டும் குழியுமான அந்தத் தோட்டத்து ரோடு ஒன்றுதான்.