மாவுக்குள் வைத்த கை

புளித்த மாவின் மணம் முதலில் நகக்கண்ணில்தான் ஏறும். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் ஞாயிறு பூசையில் கைகூப்பும்போது அது மூக்குக்கு வந்துவிடும். எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் ஐந்தாம் வகுப்பு முடித்த என்னை, மேலே படிக்கட்டும் என்று அம்மா ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்து, பள்ளிமுனையில் இருந்த மாமா வீட்டில் விட்டுப் போனார்.

மாமா இந்தியாவில் ஒரு சைவக்கடையில் வேலை பழகி வந்து, வீட்டு முன்னறையில் தோசைக்கடை போட்டிருந்த நேரம் அது. மாமிக்குக் கை வருத்தம், மாவாட்ட ஏலாது. "பள்ளித் தவணை தொடங்குமட்டும் உழுந்தை ஆட்டிக் குடு பிள்ளை" என்றார் மாமா. ஆட்டி, உப்புப் போட்டு, கையால் கலந்து வைத்தேன். விடியப் பார்த்தால் மா பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. மாமா அன்றே முடிவுகட்டிவிட்டார்.

"இவளின்ரை கைச்சூடு மாவுக்குப் பிடிச்சிட்டுது. இனி வேறை கை படக்கூடாது."

தவணை தொடங்கியபோது பஸ் நிலையத்தடியில் இரண்டாவது கடை வந்தது. "கடை ஓடத் தொடங்கட்டும், அடுத்த தவணைக்குப் போகலாம்" என்றார். பிறகு தலைமன்னார் இறங்குதுறையில் ஒன்று, முருங்கனில் ஒன்று. அம்மா வந்து கேட்டபோதும் அதே பதில்தான். எல்லாக் கடைக்கும் மா எங்கள் பின்விறாந்தையிலிருந்தே போனதால், கடை ஒன்று கூடும்போதெல்லாம் நான் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் இருக்கும் நேரமும் கூடியது. என் வயதுக்காரியான மாமாவின் மகள் பிலோமினா காலையில் வெள்ளைச் சட்டையோடு வேலியடியால் போவாள்; நான் தலை நிமிர்த்த மாட்டேன்.

ஒருநாள் பின்னேரம், உண்மையிலேயே என் கைதானா என்று பார்க்க நினைத்து, பிலோவை ஒளித்துக் கூப்பிட்டு மாவைக் கலக்கச் சொன்னேன். அடுத்தநாள் அது என்னுடையதைவிடப் பொங்கியிருந்தது. மாமா பானையைக் கடைக்குள் தூக்கிக்கொண்டு போய், "பாருங்கோ, இதுதான் என்ரை மருமகளின்ரை கை" என்று சாப்பிட இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

பிலோ என் காதடியில் சிரித்தாள். "வாயைத் திறந்தியெண்டா நாளைக்குக் கல்லுக்கு முன்னாலை நான்தான், என்ன மச்சாள்?"

ஒரு சொல் சொல்லியிருந்தால் பள்ளிக்கூடம் போயிருப்பேன். ஆனால் அதுவரை யாரும் என்னை நாலுபேருக்கு முன்னால் மெச்சியதில்லை, நாக்கு எழும்பவில்லை. அந்த வருசம் முடிய, அம்மா தைத்த வெள்ளைச் சட்டையும் இறுகிவிட்டது. மாமி அதைப் பிரித்து மாப்பானைக்கு மூடுதுணியாக்கித் தந்தபோது, நானே அதைப் பானை வாயில் கட்டினேன்.

பிறகு நாட்டில் நடந்த சண்டையில் மூடிய கடைகளைப் பிலோவின் மகன் மறுபடி திறந்து, இப்போது வவுனியா வரைக்கும் கொண்டுபோய்விட்டான். மெசின் அரைத்த மா நீல வாளிகளில், குளிரூட்டிய வான் வண்டியில் போகிறது. என்றாலும் புதுக்கடை திறந்தால் முதல் மாவில் என் கை பட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

போன மாதமும் கூட்டிப்போனார்கள். நான் ஆட்டிய கல்லுக்கு வர்ணம் பூசி, குழிக்குள் குரோட்டன் செடி நட்டு, வாசலில் வைத்திருந்தார்கள். அந்த மூடுதுணி எப்போது இல்லாமல் போனதென்று எனக்கே தெரியாது.

"மாமி, கை வையுங்கோ" என்றான் பிலோவின் மகன் என்னிடம்.

எல்லாரும் படமெடுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எப்படியோ எனக்கு வாய் வந்தது. "ஆர் கலந்தாலும் பொங்கும் தம்பி. ஒருக்கா உன்ரை அம்மாவும் கலந்தவ."

எல்லாரும் கதிரையில் இருந்த பிலோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவள் எப்பவும் உப்பிடித்தான்" என்றாள் அவள். "தன்னைத் தாழ்த்தித்தான் கதைப்பாள்."

சிரித்தார்கள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை உள்ளே வைத்தேன். மா ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. எடுக்கச் சொல்லுமட்டும் அப்படியே வைத்திருந்தேன்.