வஸ்தியான் அப்புவின் மேல் கிடந்த கல்

மன்னாரின் கீரிக் கிராமத்தில் யசிந்தாவைக் கேட்டால், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், யார் யாரோடு கோபம் என்று வலையில் நண்டு கழற்றியபடியே மூன்று தலைமுறைக்குச் சொல்லுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் சொந்த அப்பு எங்கே கிடக்கிறார் என்று தெரியாமற் போனது.

வஸ்தியான் அப்பு தாயின் தகப்பன். ஊர்க் கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் வேலியோரத்துக் கருங்கல்லுக்குக் கீழே அவர் இருப்பதாகக் குடும்பம் நம்பியது. வருசாவருசம் இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்குத் தேங்காய்ப் பொச்சும் மணலும் போட்டுக் கல்லை மினுங்கத் தேய்த்து, மெழுகுதிரி ஏற்றுவார்கள். கல்லில் இருந்த எழுத்தை இலத்தீன் என்று நினைத்தார்கள். பூசையே இலத்தீனில் நடந்த காலத்து மனிதர்தானே.

போன வருசம் பழைய கற்களைத் தேடி ஓர் அதிகாரி வந்தார். கல்லைக் கண்டு குந்தியவர் எழும்பவில்லை. போத்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் பிடித்த மன்னார்க் கோட்டையின் கிறிஸ்தவக் கோயிலுக்குள் கிடந்த கல்லறைக் கல்லாம். கோட்டை பாழடைந்த பிறகு, சனம் கிணற்றுக்கும் குசினி அடுப்புக்கும் கல் அள்ளியபோது வெளியே வந்திருக்குமாம். அதில் எழுதியிருப்பது ஓர் ஒல்லாந்துப் பெண்ணின் பெயராம்.

தம்பி வலன்ரைன் சிரித்தான். "அக்கா, இவ்வளவு காலமும் வெள்ளைக்காரிக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கல்லென்று அப்புவின் பிள்ளைகள் தூக்கிவந்து அவருக்கு மேல் வைத்தார்களா? அல்லது கல் சும்மா கிடக்க, அப்புவை வேறெங்கோ தாட்டார்களா? அப்புவின் மகளான, உப்புக்குளத்துக் கிழவி, சின்னம்மா மார்த்தாவிடம் போனாள். மார்த்தா முதலில் கல்லடியில் என்றாள். தேத்தண்ணி குடித்து முடித்ததும் சேமக்காலை வேம்படியில் என்றாள்.

கல்லைக் கோட்டைக்குத் திருப்பி எடுக்க அதிகாரி குடும்பத்தின் சம்மதம் கேட்டார். யசிந்தா அவரிடம் அந்த ஒல்லாந்து மனிசியின் பெயரைக் கேட்டாள்.

"மரியா எண்டது மட்டும் தெரியுது அம்மா. மிச்சம் தேய்ஞ்சு போச்சு."

தேய்த்த கைகளைச் சேலைக்குள் ஒளித்தாள். இன்னொருத்தியின் கல்லை வைத்திருக்க மனம் வரவில்லை; கொடுத்தால் அப்புவுக்கு அடையாளமே இல்லை. கடைசியில் தலையாட்டினாள்.

செபம் வீண்போகாது, யாருக்கென்று ஆண்டவருக்குத் தெரியும் என்று பங்குச் சுவாமி தேற்றினார்.

"ஆண்டவருக்குத் தெரியும் சுவாமி. என்னை மறந்திட்டாள் எண்டு அப்பு நினைச்சிருப்பாரெல்லோ."

கல்லைத் தூக்கியபோது கீழே வெறும் மணல். தோண்டிப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. வேலியிலிருந்து வேம்புவரையுள்ள நிலத்தைச் சுற்றி வலன்ரைன் கயிறு கட்டினான். இந்தத் துண்டுக்குள் எங்கோ ஓரிடத்தில் இருப்பார்தானே என்றான். யசிந்தாவோ, எதை மிதிக்கலாம், எதை மிதிக்கக்கூடாது என்று தெரியாமல், இன்றும் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் செபமாலை சொல்லுகிறாள்.