நாலு வார்த்தையும் ஒரு பிரசங்கமும்

முதலில் பெஞ்சுதான் நடுங்கும். தொடைக்கடியில் மரப்பலகை மெல்ல அதிரத் தொடங்கியதுமே, தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், ரயில் வருகிறதென்று. போதகர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அறுபதுகளில் எங்களுக்குப் பேச்சில் பல ரகம் இருந்தது. மைதானத்தில் மைக் கட்டிப் பேசினால் 'சொற்பொழிவு', பள்ளி ஆண்டுவிழாவில் பேசினால் 'சிறப்புரை', கோயிலில் பேசினால் 'பிரசங்கம்'. வீட்டில் அப்பா என்னைத் திட்டுவதும் பிரசங்கம்தான். அதற்கு யாரும் காது கொடுப்பதில்லை. பெண்கள் பேசினால் மட்டும், எங்கே பேசினாலும் 'நாலு வார்த்தை'.

அந்த வருஷம், பெண்களே ஆராதனை நடத்தும் மாதர் ஞாயிற்றுக்கு, பள்ளி ஆசிரியையான என் அம்மாவைப் பேச அழைத்த போதகர், வாசல் கரும்பலகையில் 'பிரசங்கம்: எஸ்தர் டீச்சர்' என்று எழுதிவிட்டார். சபைச் செயலர் வீடு தேடி வந்தார். "டீச்சரம்மா, கீழேயே நின்னு நாலு வார்த்தை சொல்லிடுங்க. பீடத்துல ஏறினா அது பிரசங்கம் ஆயிடும். நடுவுல நின்னுபோச்சுன்னா நமக்குத்தானே அசிங்கம்?"

அந்தக் கடைசி வரி எதைச் சொல்கிறதென்று எனக்குத் தெரியும். முந்தைய கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ரயிலுக்காகப் பேச்சை நிறுத்திய அம்மா, ரயில் போன பிறகும் வாய் திறக்க முடியாமல் வியர்த்து நின்று, அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவளை ஜெபிக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை.

"ஏறித்தான் பேசுவேன்" என்று அவருக்குக் காபி டம்ளரை நீட்டினாள் அம்மா.

வாரம் முழுக்க அவள் அடுப்படியில் பேசிப் பார்த்தாள். நான், ஞாயிறு காலை ரயிலெல்லாம் எங்காவது படுத்துவிட வேண்டுமென்றும், ஆனால் யாருக்கும் அடிபடக் கூடாதென்றும் ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறன்று அம்மா பீடமேறினாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு பெஞ்சு நடுங்கியது. அப்பாவின் விரலை இறுகப் பிடித்துக்கொண்டேன். செயலர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்மா நிறுத்தவில்லை. ரயில் கத்திக்கொண்டு போக, ஒரு சொல்லும் கேட்காமல், அவள் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. கடைசிப் பெட்டி போனதும் குரல் திரும்பி வந்து, தடுமாறாமல் ஆமென் வரைக்கும் போனது.

"ரயில் சத்தத்துல பாதிப் பிரசங்கம் காதுலயே விழலியே, டீச்சரம்மா" என்று வாசலில் செயலர் குறைப்பட்டுக்கொண்டார். 'நாலு வார்த்தை' என்று சொல்ல மறந்ததை அவரே கவனிக்கவில்லை. அப்பா மட்டும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"ரயில் போறப்ப என்னம்மா பேசினே?" என்று வழியில் கேட்டேன்.

"ஒண்ணுமில்லடி. நிறுத்தாதே, நிறுத்தாதேன்னு எனக்கே சொல்லிக்கிட்டிருந்தேன்."

இப்போது அம்மா இல்லை. அந்தப் பெஞ்சுகளும் இல்லை. கோயிலுக்கு ஏ.சி. போட்டு ஜன்னல்களைக் கண்ணாடியால் மூடிவிட்டதால், ரயில் போவதே தெரிவதில்லை. பெண்கள் பீடமேறிப் பேசுவதை என்னவென்று சொல்வதென யாரும் யோசிப்பதுமில்லை. போன மாதர் ஞாயிற்றில் பிரசங்கம் என்னுடையது. பாதியில் சட்டென்று எல்லாம் மறந்துபோனது. அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு ரயில் வந்து தொலையாதா என்று காத்து நின்றேன்.