செண்பகவல்லி, ஐந்தாம் வகுப்பு

மாட்டுங்காவிலிருந்து வந்த காகிதக் கட்டைப் பிரித்ததும் முதலில் காப்பிப்பொடி மணக்கும். தோல் பட்டறைகளின் நெடியிலேயே வளர்ந்த தாராவிப் பிள்ளையான எனக்கு அந்த மணத்தின் மேல் தனி ஆசை. அறுபதுகளில் எங்கள் சந்து முனையில் 'ரத்திக் கடை' என்னும் பழைய காகிதக் கடை வைத்திருந்த சுடலைமுத்து மாமா, மாட்டுங்காவின் தமிழ் ஆபீஸ் குடும்பங்கள் எடைக்குப் போட்ட பழைய தாள்களிலிருந்து தமிழ் இதழ்களை மட்டும் நான் பொறுக்கிக்கொள்ள விடுவார். அவற்றைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைப்பேன். கதைகளைவிட எனக்குப் பிடித்தவை கூந்தல் தைல விளம்பரங்களும், வாசகர் கடிதங்களும், புதிருக்குச் சரியான விடை எழுதியோர் பட்டியலும்தான். முகம் தெரியாத அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே இருப்பார்கள், என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

உலகப்போர்க் காலத்துச் சிறுவர் இதழ் ஒன்றில், அப்படியொரு பட்டியலின் நடுவே, 'வே. செண்பகவல்லி, ஐந்தாம் வகுப்பு, கடையநல்லூர்' என்றிருந்தது. அம்மாவின் பெயர், அம்மாவின் ஊர், தாத்தா வேலுவின் முதலெழுத்து. ஆனால் என் அம்மா ரேஷன் ஆபீசில் கைநாட்டு வைப்பவள். ஊரிலிருந்து தாய்மாமா எழுதும் கார்டுகளை, மூன்றாம் வகுப்போடு பட்டறைக்குப் போய்விட்ட அப்பாதான் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பார். அம்மா வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

அம்மாவிடம் காட்டினேன். அந்த ஊரில் தெருவுக்கு ஒரு செண்பகவல்லி உண்டு என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். எனக்கு ஆறவில்லை. மறுநாள் அவள் எனக்குத் தலை பின்னும்போது, மடியில் அதே இதழை விரித்து ஒரு கதையைச் சத்தமாக வாசித்தேன். வேண்டுமென்றே ஒரு வரியைத் தாண்டினேன்.

"ஒரு வரிய விட்டுட்டியேட்டி" என்றாள் அம்மா.

அப்புறம் அவளால் மறைக்க முடியவில்லை. மாப்பிள்ளையைவிடக் கூடப் படித்த பெண் வேண்டாம் என்று அப்பாவின் வீட்டார் சொன்னதால், பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று தரகர் சொல்லிவைத்தாராம். அந்தப் பேச்சை அவள் பம்பாய்வரை காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். தென்காசிக்குப் போகும்போதெல்லாம் இந்த இதழை வாங்கி வந்தவர் தாத்தாதான் என்று சொன்னபோது அவள் குரல் இளகிற்று. "அப்பாட்ட சொல்லிராத, என்ன?" என்றாள்.

சொல்லவில்லை. ஆனால் மழை தொடங்கிய வாரத்தில் ஒரு மத்தியானம் கார்டு வந்தது. அம்மா வாசற்படியில் நின்றே படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானும் வாங்கிப் படித்தேன். சுகம் விசாரித்த வரிகளுக்குக் கீழே, 'அப்பாவுக்கு முடியவில்லை, உன்னையே கேட்கிறார், உடனே புறப்படவும்' என்று மாமா எழுதியிருந்தார்.

சாயங்காலம் அப்பா வந்து கைகால் கழுவிவிட்டுக் கார்டை எடுத்தார். மெதுவாகக் கூட்டி வாசித்தார். எல்லாரும் சுகம் என்ற இடத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கார்டைப் பழைய கடிதங்கள் கோத்த கம்பியில் குத்தப் போனார்.

"கடைசி வரியையும் வாசிங்க" என்றாள் அம்மா.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு கார்டை நீட்டினார். "நீயே வாசி."

அம்மா தடங்கலில்லாமல் வாசித்து முடித்தாள். லீவு கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன், இன்றே சொல்லி அழவைப்பானேன் என்று அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். எதுவரை படித்தாய் என்று மட்டும் கேட்டார். அம்மா அஞ்சாப்பு என்றாள். விடிந்ததும் எங்கள் இருவரையும் தாதர் ஸ்டேஷனில் மதராஸ் ரயிலில் ஏற்றிவிட்டார். தாத்தா எங்களை அடையாளம் கண்டுகொண்டார். பத்து நாள் அம்மா கையால் கஞ்சி குடித்துவிட்டுத்தான் போனார்.

ஊரிலிருந்து திரும்பியபின், கட்டிலுக்கடியிலிருந்து அப்பாவே ஒரு தொடர்கதையை எடுத்துக் கொடுத்து அம்மாவை வாசிக்கச் சொன்னார். அது வீட்டு வழக்கமாயிற்று.

இன்று அந்தச் சந்தில் மாடிக் கட்டடங்கள். சுடலைமுத்து மாமாவின் கடை இல்லை. என் இதழ்களை ஒரு மழைக்காலத்துச் சாக்கடைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. மும்பைக்கு வெளியே டோம்பிவிலியில் என் பேரப்பிள்ளைகள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். அப்பா காலமாகிப் பல வருடம் கழித்து, அன்றைக்கு முன்னால் எத்தனை கார்டுகளில் அவர் வரிகளை விழுங்கியிருப்பார் என்று அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது, முகத்தில் தெரிந்தது. சொல்லத்தான் இல்லை.