படகு பின்னால் போகும் கணக்கு

நேற்றைய மழையில் மகளின் இயற்பியல் நோட்டு நனைந்துவிட்டது. மின்விசிறிக்கு அடியில் விரித்துப் போட்டேன். நனைந்த காகிதத்துக்கென்று ஒரு வாசனை உண்டே, அது எழுந்ததும் கல்யாணியின் ஞாபகம் வந்துவிட்டது.

பாகூரிலிருந்து பஸ் பிடித்து அரியாங்குப்பத்தில் ப்ளஸ் ஒன் படித்த காலம். கல்யாணி வீராம்பட்டினத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம். விசை, ஆற்றல், உந்தம் என்று எந்தக் கணக்கு கொடுத்தாலும் முதலில் முடிப்பவள் நான். சூத்திரத்தைத் தேடு, எண்களைப் போடு, விடைக்கு அடியில் இரண்டு கோடு இழு. அறிவு என்பது இதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன், பாருங்கள். கல்யாணிக்குச் சூத்திரமே ஒட்டாது. காலாண்டில் இயற்பியலில் ஃபெயில். படித்தது போதும், திருபுவனையில் கம்பெனி வேலைக்குப் போ என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவளும் தலையாட்டிவிட்டாள்.

அந்த வார வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு. நூறு கிலோ படகு நீரில் அசையாமல் நிற்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள பெண் அதிலிருந்து வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் கரையை நோக்கிக் குதிக்கிறாள். படகின் திசைவேகம் என்ன? நான் 'ஒன்று' என்று எழுதி, படமும் வரைந்து, பெண்ணுக்கும் படகுக்கும் கரைப்பக்கமே அம்புக்குறி போட்டிருந்தேன். கல்யாணி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? பொண்ணும் கரைக்குப் போவுது, போட்டும் அவ பின்னாடியே போவுதா?"

"கணக்கு அப்படித்தான் வருது" என்றேன், ஃபெயிலானவளுக்கு என்ன தெரியும் என்கிற தொனியில்.

"நீ எப்பனா போட்டுலேர்ந்து குதிச்சிருக்கியா?"

எங்கள் பக்கம் ஏரியும் நெல்வயலும்தான். படகில் கால் வைத்ததே கிடையாது.

சனிக்கிழமை, ஆற்று முகத்துவாரத்தில், அவள் சித்தப்பாவின் சிறிய மரப்படகில் என்னை ஏற்றிவிட்டாள். நோட்டையும் ஏன் எடுத்துப்போனேன் என்று கேட்காதீர்கள். நிரூபித்ததும் அங்கேயே விரித்துக் காட்டலாம் என்ற நினைப்பு. குதித்தேன். காலடியிலிருந்து படகு நழுவிப் பின்னால் போனது. கரை எட்டவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நோட்டோடு விழுந்தேன். கல்யாணி சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்தேவிட்டாள். பிறகுதான் ஓடிவந்து கை கொடுத்தாள்.

"மைனஸ் போட்டிருக்கணும்" என்றேன், தலையைத் துவட்டியபடி.

"அப்பிடின்னா?"

"பின்னாடி போவுதுன்னு அர்த்தம்."

"மைனஸுன்னா அவ்ளோதானா? யாருமே சொல்லலியேடி!"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. படகு எந்தப் பக்கம் போகும் என்று பார்க்காமலே தெரிந்தவளைத்தான் மக்கு என்று நினைத்திருந்தேன்.

"வேலைக்குப் போவாதடி. அரையாண்டு வரைக்கும் சேந்து படிப்போம்."

"எங்கப்பாகிட்ட நீயே வந்து சொல்லு."

சொட்டச் சொட்ட நனைந்த தாவணியோடு அவர் முன் போய் நின்றேன். வலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, அரையாண்டு வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

தினமும் சாப்பாட்டு இடைவேளையில் என்ன நடக்கும் என்று அவள் சொல்வாள். அதை எப்படி எழுதுவது என்று நான் சொல்வேன். அரையாண்டில் பாஸானாள். ப்ளஸ் டூவும் முடித்து, டிப்ளமோவும் படித்தபின்தான் திருபுவனைக்குப் போனாள். இன்று அங்கே முப்பது பேரை மேற்பார்வை பார்ப்பவள் அவள்தான். போனில் பேசும்போதெல்லாம், "இன்னாடி, குதிக்கக் கத்துக்கினியா?" என்பாள்.

போன மாதம் முகத்துவாரத்துக்குப் போயிருந்தேன். மரப்படகு ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஃபைபர். கல்யாணி உட்கார்ந்து சிரித்த மணலை அலை கொண்டுபோய்விட்டதாம். கரை நீளத்துக்கும் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் கால் நனைக்கவும் இறங்க வழியில்லை.