பிரேக்குக்காக வாங்கிய கார்

காரின் முன்பக்க இடது மூலையை இரண்டு கைகளாலும் அழுத்திச் சட்டென்று விட்டார். குனிந்து அது ஆடுவதை எண்ணினார். ஒன்று, ஒன்றரை, கார் அடங்கிவிட்டது. அடுத்த மூலையும் அப்படியே. பின்பக்க இடது மூலைக்கு வந்ததும் எண்ணிக்கை நீண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றேகால். நேற்றும் மூன்றேகால்தான். கூடவில்லை என்று பெருமூச்சு விட்டார். ஒருவேளை நேற்றுத் தப்பாக எண்ணியிருந்தால்? விட்ட மூச்சைப் பாதியில் திரும்ப இழுத்துக்கொண்டார்.

வயது ஐம்பத்திரண்டு. பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகும் சின்னக் கத்தியுமாக உட்கார்ந்திருப்பவர். அங்கே எல்லோரும் அவரை ‘ஒருவேளை சார்’ என்றுதான் அழைப்பார்கள். “ஒருவேளை இந்தக் கடைவாய்ப் பல் ஒரு நூல் உசரமா இருந்துட்டா? அந்த மனுஷன் எப்படி மெல்லுவார்?” என்று நாலு முறை தேய்த்து, ஐந்தாவது முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அவர் செய்த பல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனால் பக்கத்து மேசைக்காரருக்குத்தான் தலைவலி.

இப்படிப்பட்டவரிடம் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வேலைக்கு, மார்க்கெட்டுக்கு, மகளைக் கல்லூரியில் விட, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். வேகப் பைத்தியமா என்றால், சைக்கிள்காரர்களே மணியடித்து முந்திப் போவார்கள். காரணம் கேட்டால் கூச்சத்தோடு சொல்வார்: “பிரேக் போட்டா இருக்கறதிலேயே குறைஞ்ச தூரத்துல நிக்கற வண்டி இதுதான்னு ஒரு பத்திரிகையில போட்டிருந்தான். பயந்தவனுக்குத்தானே சார் நல்ல பிரேக் வேணும்?” பதினாறு வருடத்துக்கு முன் அந்த ஒரு வரியை நம்பி வாங்கியது.

பின்பக்க இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவதை அவரே கண்டுபிடித்தார். பள்ளத்தில் இறங்கி ஏறிய சக்கரம் துள்ளிக்கொண்டே இருக்காமல் பிடித்து அடக்குவது அதன் வேலை. மாற்ற வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எதைப் போடுவது என்பதில்தான் வினை. கம்பெனியில் வந்த மாதிரியேவா, பந்தயக்காரர்கள் போடும் இறுக்கமான ரகமா, திருகிக் கூட்டிக் குறைக்கும் ரகமா? ஒரு நோட்டுப் போட்டார். மென்மையாக இருந்தால் வளைவில் சாயுமே. இறுக்கமாக இருந்தால் மேடுபள்ளத்தில் தூக்கிப் போடுமே. திருகுகிற ரகத்தில் பன்னிரண்டு படி. “பன்னெண்டு படின்னா தினம் பன்னெண்டு கவலை” என்று மனைவியிடம் புலம்பினார். “ஏங்க, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தாக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டீங்க போல” என்றாள் அவள். நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டும் வந்தது. மூன்று மாதம் ஓடியது.

அன்று காலை மழை. பக்கத்தில் மகள், மடியில் கல்லூரிப் பை. மேம்பாலத்து வளைவில், பாலத்தின் இரண்டு துண்டுகள் சேருமிடத்து இரும்புப் பட்டையில் பின்சக்கரம் ஏறியது. ஏறியது இறங்கவில்லை, துள்ளியது. காரின் பின்பாதி வழுக்கிக்கொண்டு அடுத்த தடத்துக்குப் போனது. பின்னால் வந்த லாரியின் ஹாரன் காதைப் பிளந்தது. அப்புறம் அவருக்கு நினைவிருப்பது, கார் சுவரோரம் குறுக்கே நின்றதும், வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்ததும்தான். எங்கும் கீறல்கூட இல்லை. மகள் மறுநாளிலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். “ஃப்ரெண்ட்ஸோட போறேம்ப்பா” என்றாள். அவள் தோழிகள் யாரும் அந்தப் பஸ்ஸில் வருவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

கார் வழுக்கிய அன்றே இரண்டு நோட்டுகளோடும் பட்டறைக்குப் போனார். மெக்கானிக் நோட்டைத் தொடவே இல்லை. கழற்றிய பழைய ஷாக்கை நிறுத்தி உள்ளங்கையால் அமுக்கினார். போனது போனதுதான், அசையாமல் உள்ளேயே கிடந்தது. புதியதை அமுக்கினார், அது நிதானமாக எழுந்து நின்றது.

“இதுல எதுங்க தப்பு? எதைப் போட்டா ஆபத்து?” மூன்று ரகங்களும் எழுதிய பக்கத்தைப் பிரித்து நீட்டினார்.

“மூணுமே நல்லதுதான் சார். ஆபத்தானது நாலாவது. மூணு மாசமா எதையும் போடாம ஓட்டுனீங்களே, அது.”

அவருக்கு முகம் செத்துப்போனது. மெக்கானிக் கொஞ்சம் இறங்கி வந்தார். “தினம் ஓடற வண்டி சார். நம்ம ரோட்டுக்கு இறுக்கமா போட்டா துள்ளும். டயர் தரையை விடக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கம்பெனி மாடலே போடுங்க, நாலையும் சேத்து.”

“ஒருவேளை…” என்று ஆரம்பித்து, “போடுங்க” என்று முடித்தார்.

போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாக மேம்பாலத்தில் பதினோரு முறை ஏறி இறங்கினார். இரும்புப் பட்டையில் ‘டப்’ என்று ஒரே சத்தம். கார் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு போனது.

திங்கட்கிழமை மறுபடி தூறல். பஸ் நிறுத்தத்தில் குடை இல்லாமல் நின்ற மகளின் அருகே காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். வீட்டில் பத்து முறை சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

“நாலும் புதுசும்மா. அது போயிடுச்சுன்னு எனக்கு மூணு மாசமாத் தெரியும். எதை வாங்கறதுன்னு பயந்து பயந்தே… தப்பு என்னோடது.”

மகள் தலையில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு வண்டி மேல பயம் இல்லப்பா.”

“பின்னே?”

“அன்னிக்கு வண்டி வழுக்கினப்போ நீங்க கண்ணை மூடிட்டீங்க.”

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடினோமா என்று யோசித்தார். லாரியின் ஹாரன் நினைவிருந்தது. லாரியின் முகம் நினைவில் இல்லை.

“இனிமே மூட மாட்டேன்” என்றார். அவர் வாயிலிருந்து ‘ஒருவேளை’ இல்லாமல் ஒரு வாக்கு வந்ததை மகள் கவனித்திருக்க வேண்டும். பின்னால் பஸ் வந்து நின்றது. அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கார்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

மேம்பாலத்து வளைவில் அவள் சாலையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ‘டப்.’ பட்டை கடந்தது. பாலம் இறங்கியது. சிக்னலில் சிவப்பு விழ, கார் நின்றது. அவர் கண்கள் இன்னும் அகல விரிந்தபடியே இருந்தன. ஓரங்களில் நீர் கட்டியிருந்தது.

“அப்பா, இப்பச் சிமிட்டலாம்.”

அவர் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், தலைக்கு மேலிருந்ததில் பின்னால் நிற்பவனையும் பார்த்துக்கொண்டார். அதன் பிறகே, ஒரே ஒரு முறை, சிமிட்டினார்.